தோட்டத்துப் பேச்சும் கிளினிக் மேசையும்

நான் மலேசியாவில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பேராக் மாநிலத்தின் பல மாவட்டங்களில், பெரும்பாலும் தாய்சேய் நலக் கிளினிக்குகளில் என் காலம் போனது. இப்போது சொந்த ஊரான சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத்துத் தமிழ் பேசுகிறவர்கள் கிளினிக்கில் என்னென்ன பட்டார்கள், அதற்கு நாங்கள் என்ன வழி கண்டோம் என்பதை எழுதி வைக்கவேண்டும் என்று நெடுநாளாக நினைப்பு. இளம் தாதிகளும் டாக்டர்களும் படிக்கட்டும். அம்மாவையோ பாட்டியையோ கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் பிள்ளைகளும் படிக்கட்டும்.

ஒருவர் பேச்சைக் கேலி செய்தால் அவர் மனம் நோகும் என்பது எல்லாருக்கும் தெரியும். உடம்பும் கெட்டுப்போகும் என்பது கிளினிக்கில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் சிரிக்கிறார்கள் என்று ஒருமுறை கண்டுகொண்டவர், மறுமுறை தன் வலியை முழுதாகச் சொல்லமாட்டார். பாதி சொல்வார். அல்லது என்ன கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அரசாங்கக் கிளினிக்கில் மொழிகளுக்கு ஒரு வரிசை உண்டு. யாரும் எழுதி ஒட்டியதில்லை, ஆனாலும் உள்ளே நுழைந்ததுமே புரிந்துவிடும். டாக்டர் எழுதுவது ஆங்கிலத்தில். பதிவு, பாரம் (படிவம்), மருந்து உறை, எண் கூப்பிடும் குரல் எல்லாம் மலாய். அதற்குக் கீழே படித்தவர்கள் பேசும் தமிழ், அதாவது வானொலியிலும் மேடையிலும் கேட்கிற தமிழ். அதற்கும் கீழே எங்கள் தோட்டத்துப் பேச்சு. எங்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள் லாசாவுக்கு அப்பால் மலைப்பக்கமிருந்து இறங்கி வரும் தெமியார் பழங்குடி மக்கள். காலையில் வந்தவர்கள் மதியம்வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். "கூச்ச சுபாவம்" என்று ஊழியர்கள் சொல்வார்கள். அவர்கள் குடியிருப்புக்கே போய்ப் பிள்ளைகளுக்கு ஊசி போட்ட மிஸ்ஸிகளைக் கேளுங்கள், தங்கள் வீட்டு வாசலில் அவர்கள் எவ்வளவு பேசுவார்கள், எப்படிச் சிரிப்பார்கள் என்று சொல்வார்கள்.

நான் வேலையில் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எந்த மாவட்டம், எந்தக் கிளினிக் என்பது வேண்டாம். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கல்யாணமாகி முதல் பிள்ளை. கூட யாரும் இல்லை. பதிவு மேசையில் அன்றைக்குப் பயிற்சிக்கு வந்திருந்த தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள், கோலாலம்பூரில் வளர்ந்தவள். "என்ன விஷயம்?" என்று கேட்டதற்கு இந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு மாசமா குளிக்கலீங்க" என்றாள்.

எங்கள் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட அதற்கு அர்த்தம் தெரியும். மாதவிலக்கு வரவில்லை என்பதை ஆண்கள் காதில் விழுகிற இடத்தில் மரியாதையாகச் சொல்லும் முறை அது. பயிற்சிக்காரிக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனது குற்றமில்லை. அவள் முகத்தைச் சுளித்து, "குளிக்கலையா? ரெண்டு மாசமாவா?" என்று சத்தமாகக் கேட்டாள். அப்புறம் அதையே மலாயில் பக்கத்து மேசைக்குச் சொன்னாள். அங்கே சிரிப்பு எழுந்தது. வரிசையில் நின்றவர்களில் மலாய் தெரிந்தவர்களும் சிரித்தார்கள். நான் உள்ளறையில் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு எழுந்து வருவதற்குள் அந்தப் பெண் வாசலைத் தாண்டிச் சடக்குக்குப் போய்விட்டாள். பெயர்கூடப் பதிவாகவில்லை. எந்தத் தோட்டம் என்று கேட்டுத் தேடிப்போகவும் வழியில்லை.

மறுபடி அவள் வந்தபோது ஏழாம் மாதம். கால் இரண்டும் வீங்கி, முகம் ஊதி, "தலைய இடிக்குது மிஸ்ஸி, கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது" என்றாள். ரத்த அழுத்தம் 160/110 ஐத் தாண்டியிருந்தது. சிறுநீரில் புரதம். அட்டையில் சிவப்பு ஒட்டி உடனே ஆம்புலன்ஸில் அனுப்பினோம். குழந்தை மாதம் நிறையாமல், எடை குறைவாகப் பிறந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டதால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

கர்ப்பிணிகள் 12 வாரத்துக்குள் முதல் பரிசோதனைக்கு வரவேண்டும் என்று நாங்கள் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆரம்பத்தில் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் பின்னால் ஏறும்போது கண்டுபிடிக்க முடியும். ஒவ்வொரு முறையும் அழுத்தமும் சிறுநீரும் பார்ப்பது அதற்காகத்தான். இந்தப் பெண்ணுக்கு அந்த ஐந்து மாதக் கணக்கு முழுவதும் இல்லாமல் போனது. பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குப் பார்க்கப் போனேன். ஏன் இடையில் வரவில்லை என்று கேட்டேன். "அன்னைக்கிச் சிரிச்சாங்கல்ல மிஸ்ஸி. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மறுபடி வர்றது?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"விழிப்புணர்வு இல்லாத மக்கள், லேட்டாகத்தான் வருவார்கள்" என்று கூட்டங்களில் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம் வரும். அவள் சரியான நேரத்துக்குத்தான் வந்தாள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதைக் கெட்டுப்போன தமிழ் என்று நினைப்பவர்கள் எங்கள் ஆட்களிலேயே அதிகம். சேலம், திருச்சி, தஞ்சாவூர், வடஆர்க்காடு என்று பல பக்கத்திலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரே லயத்தில் நாலு ஜில்லாப் பேச்சு கலந்தது. தெலுங்கர்களும் மலையாளிகளும் சேர்ந்தார்கள். பாசாரிலும் (சந்தையிலும்) கம்பத்திலும் (மலாய்க் கிராமத்திலும்) பழகிய மலாய்ச் சொற்கள் வந்து ஒட்டின. தொழிலாளர்கள் கப்பலேறுவதை 1938 இல் இந்திய அரசாங்கம் தடை செய்தது. அதற்குப் பிறகு ஊரிலிருந்து புதுப் பேச்சு வருவது குறைந்துபோனது. இங்கே கலந்தது இங்கேயே வளர்ந்தது. அவ்வளவுதான். தஞ்சாவூர்ப் பேச்சு தஞ்சாவூரில் வளர்ந்த மாதிரி, யாழ்ப்பாணப் பேச்சு யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாதிரி, இது கித்தா (ரப்பர்) காட்டில் வளர்ந்தது. திசைச்சொல்லுக்கு, அதாவது வட்டாரச் சொல்லுக்கு, தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது.

தாழ்வு மட்டும் தோட்டத்து நிர்வாகத்திலிருந்து வந்தது. துரை பேசியது ஆங்கிலம். கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார் அல்லது மலையாளி. அவர்கள் பேச்சு கணக்குப் புத்தகத்தோடும் சம்பள மேசையோடும் சேர்ந்து வந்ததால் அதற்கு மதிப்பு. வெயிலில் நிற்பவன் பேச்சுக்கு மதிப்பில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, எங்கள் சனம் டவுனுக்குக் குடிபெயர்ந்த பிறகும் அந்த அளவுகோல் கூடவே வந்துவிட்டது. இப்போது கிராணி இல்லை. தாமானில் அடுத்த வீட்டுக்காரரே "இன்னும் என்ன தோட்டத்துப் பேச்சு" என்கிறார்.

ஆனால் எங்கள் தோட்டத்து டிரெஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. அவரும் மலையாளிதான். தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது பலகை அடித்த இரண்டு அறை. தமிழ் அவருக்குச் சரளமில்லை. அதனால் வெள்ளைச் சட்டைப் பையில் சின்ன நோட்டு வைத்திருப்பார். யாராவது புதுச் சொல் சொன்னால், "எங்கே, காட்டு" என்பார். அவர்கள் வயிற்றையோ முதுகையோ தொட்டுக் காட்டுவார்கள். "ராத்திரி அதிகமா, பகலா? சாப்பிட்டால் குறையுமா, கூடுமா?" என்று கேட்டுவிட்டு மலையாளத்தில் எழுதிக்கொள்வார். அடுத்த முறை அந்தச் சொல்லைத் தானே சொல்லுவார். கிழவிகள் அவரிடம் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பிற்பாடு எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த பல விஷயங்களை அவர் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார்.

அவர் நோட்டில் என்னென்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதே மாதிரி ஒன்று வைத்திருந்தேன். வலி என்று நம் பாட்டிகள் சும்மா சொல்லமாட்டார்கள். குத்துது, குடையுது, கடுக்குது, உளையுது, பிசையுது, இழுக்குது, சுருக்குன்னுது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது, காந்துது என்று ஒவ்வொன்றும் வேறு. பாரத்தில் இத்தனைக்கும் சேர்த்து 'சாக்கிட்' (வலி) என்றுதான் எழுதுவோம். மலாயில் சொற்கள் இல்லாமல் இல்லை. மலாய்க்காரப் பாட்டிகளுக்கும் இதே அளவு சொற்கள் உண்டு. கேட்டு எழுத நேரம் கொடுப்பதில்லை, அதுதான் விஷயம்.

நேரம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இரண்டு உதாரணம். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர் "பாதம் காந்துது, ராத்திரி போர்வை பட்டாலே எரியுது, மதமதன்னு இருக்கு, பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு" என்றால், அது நரம்பு பாதிப்பைச் சொல்கிறது. உடனே காலணியைக் கழற்றச் சொல்லிப் பாதத்தை, விரலிடுக்கை எல்லாம் பார்த்து, மோனோஃபிலமென்ட் இழையை வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். "சாக்கிட் காக்கி" (கால் வலி) என்று எழுதிவிட்டால் வலி மாத்திரையோடு வீட்டுக்குப் போவார், பிறகு ஆறாத புண்ணோடு திரும்பி வருவார். இரண்டாவது, செம்பனைக் குலை வெட்டுகிறவர் காய்ச்சலோடு வந்து "கெண்டைச்சதை புடிச்சிக்கிட்டு நடக்க முடியல" என்றால், எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலை நினைக்க வேண்டும். செம்பனைக் காட்டில் எலி ஏராளம். உடம்பு வலி என்று ஒரே வார்த்தையில் முடித்தால் அந்தத் தடயம் போய்விடும்.

2019 ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். அதாவது, கிளினிக்கில் மாதாமாதம் வந்து உட்காருகிறவர்களில் நம் ஆட்கள் நிறைய. அவர்கள் பேச்சு புரியவில்லை என்பது சின்ன விஷயமே இல்லை.

மருந்து சாப்பிடும் நேரத்தைப் பற்றி ஒன்று. உறையில் மலாயில் "காலை, மாலை, உணவுக்கு முன்" என்று இருக்கும். பால்மரம் வெட்டுகிறவர் நாலு மணிக்கு எழுந்து ஒரு கோப்பி ஓ குடித்துவிட்டுக் காட்டுக்குப் போகிறார். பசியாறுவது, அதாவது காலைச் சாப்பாடு, பத்து மணிக்கு. அவருக்குக் காலை என்பது எது? நான் பார்த்த ஒருவர் கிளிபென்கிளமைட் என்ற இனிப்பு நீர் மாத்திரையைக் கோப்பியோடு போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். மர நிரைக்கு நடுவில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி விழுந்தார். கூட வேலை செய்தவர்கள் வாயில் சீனித் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றினார்கள். கிளினிக்கில் அவர் "நான் பசியாறலைங்க, அதுக்குள்ள படபடன்னு வந்துருச்சி" என்று தெளிவாகத்தான் சொன்னார். எழுதிக்கொண்டவர் அதைப் பொதுவாகப் பசி இல்லை என்று எழுதியிருந்தார்.

அன்றிலிருந்து நான் காலை, மதியம் என்று கேட்பதை விட்டேன். "எந்திரிச்சதும் என்ன குடிப்பீங்க? முதல்ல எப்ப வாய்க்கு எடுப்பீங்க? பெரட்டுக்கு முன்னாலயா, வெட்டு முடிஞ்சா?" (பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுப்பது) என்று கேட்டு, அந்தச் சாப்பாட்டோடு மாத்திரையைச் சேர்த்துச் சொல்வேன். சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்கமாட்டேன். புரியவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். "வீட்ல போயி மருமககிட்ட எப்படிச் சொல்லுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்பேன். தப்பாகச் சொன்னால் நான் சொன்ன விதம் சரியில்லை என்று எடுத்துக்கொண்டு வேறு மாதிரி சொல்வேன். உறையில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பது எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் உதவும், கண் மங்கியவர்கள் அதிகம்.

மலாய்க்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். தாதியர் விடுதியில் எனக்கு அறைத்தோழி கிளந்தான்காரி. 'மாக்கான்' (சாப்பிடு) என்பதை அவள் 'மாக்கே' என்பாள். வார்டில் அவள் ரிப்போர்ட் சொல்லும்போது மற்ற மலாய்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவள் சொல்லிப் பழகி, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தி, மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். மந்தபுத்தி என்று பெயர் வந்தது. இரவில் வீட்டுக்குப் போன் போட்டால் மழை மாதிரி கொட்டுவாள். பரீட்சையில் எங்களில் முதலாவது அவள்தான்.

மலாயும் ஒரே மொழியாக இருக்கவில்லை. பள்ளியில் நாம் படிப்பது ஜொகூர்-ரியாவ் பக்கத்துப் பேச்சை அடியாக வைத்து எழுந்த மலாய். கிளந்தான், கெடா, எங்கள் பேராக் பேச்சு எல்லாம் 'லோகாட்' (வட்டாரப் பேச்சு) என்று ஒதுங்கி நிற்கின்றன. 1988 இல் எழுத்தில் இருப்பதை அப்படியே உச்சரிக்கும் 'செபுத்தான் பாக்கு' முறையைப் பள்ளிகளில் கொண்டுவந்தார்கள். 2000 இல் விட்டுவிட்டார்கள். இங்கே கோலகங்சார் மாவட்டத்தில் மாக்சிக்குகள் (வயதான மலாய்ப் பெண்கள்) 'தெமான்' (நான்), 'மீக்கே' (நீங்கள்) என்று பேசுவார்கள். தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்த மலாய் டாக்டருக்கு அதில் பாதி புரியாது. என் கிளந்தான் தோழிக்கு அந்த மாக்சிக்குகள் மேல் தனிப் பிரியம். எனக்கு ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தாள். நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்லிக் கேள்வியைத் தொடங்கு என்பாள். "காந்துதுன்னீங்களே, எந்த இடத்துல?" இப்படிக் கேட்டால் நோயாளிக்குத் தன் பேச்சு இங்கே செல்லும் என்று தெரிந்துவிடும். அடுத்த வார்த்தை தானாக வரும். நீங்கள் திருத்தி, "எரிச்சலா இருக்கா?" என்று கேட்டீர்களானால், "ஆமாங்க" என்று ஒப்புக்கொண்டு நிறுத்திக்கொள்வார்.

தேசிய மொழியின்மேல் எனக்கு வருத்தமில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம், டவுனில் மலாய் பழக ஒரு வருஷப் புகுமுக வகுப்பு, அதற்குப்பின் எல்லாம் மலாயில் படித்து வந்தவள் நான். எனக்குச் சோறு போட்டது மலாய். நம் பிள்ளைகள் அதைத் தடுமாறாமல் பேசவேண்டும், எழுதவேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மலாயைத் தேசிய மொழியாக்கிய அரசியலமைப்பின் அதே 152 ஆவது பிரிவு, மற்ற மொழிகளைப் பேசுவதையும் கற்பதையும் கற்பிப்பதையும் யாரும் தடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. அலுவல் காரியம் மலாயில் நடக்கட்டும். நோயாளியிடம் குனிந்து "எங்க வலிக்குது பாட்டி" என்று கேட்பதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. இருந்தும் "சின்னி சாக்காப் மலாயு" (இங்கே மலாய் பேசு) என்று எழுபது வயதுக் கிழவியை அதட்டுகிற தமிழ் ஊழியர்களை நான் பார்த்திருக்கிறேன். மலாய் ஊழியர்கள்கூட அப்படி அதட்டமாட்டார்கள், கையைக் காட்டியாவது கேட்பார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். கோலாலம்பூரில், பினாங்கில் வேலை பார்க்கிற பிள்ளைகள் லீவு போட்டு வந்து அம்மாவைக் கூட்டிவருகிறார்கள். நல்ல காரியம். டாக்டர் அறைக் கதவைத் திறக்கும்போதே, "நீங்க ஒண்ணும் பேசாதீங்கம்மா, நான் சொல்லிக்கிறேன்" என்கிறார்கள். அம்மாவின் பேச்சு டாக்டர் காதில் விழுந்தால் மானம் போய்விடும் என்ற பயம் அது. மகளுக்குத் தெரிந்ததை மகள் சொல்கிறாள். மூன்று மாதமாக ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறோம், எங்கே தடுக்கி விழுந்தோம், எந்த மாத்திரையைப் பிடிக்காமல் குப்பையில் போட்டோம் என்பதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும். அம்மா முதலில் பேசட்டும். அவர் சொன்னதை மலாயிலோ ஆங்கிலத்திலோ அப்படியே சொல்லுங்கள், அழகுபடுத்தவேண்டாம். டாக்டர் சொல்வதையும் ஒன்று விடாமல் அம்மாவுக்குச் சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல, மருந்து போட்டா சரியாயிடும்" என்று சுருக்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது கூடவே கூடாது. பள்ளிக்கு மட்டம் போட்டுப் பத்து வயதுப் பையன் அம்மாவின் பெரும்பாடு (அதிக உதிரப்போக்கு) பற்றி ஆண் டாக்டரிடம் மலாயில் சொல்ல நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவன் வயிற்று வலி என்று சொல்லி முடித்துவிட்டான். அவனால் வேறென்ன முடியும்? அந்த மாதிரி விஷயத்துக்கு வயதான பெண் ஒருத்தியைக் கூட்டிவாருங்கள். யாரும் இல்லையென்றால், பெண் ஊழியர் வேண்டும் என்று பதிவு மேசையிலேயே கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள்.

தனியாகப் போகிற முதியவர்களுக்கு இரண்டு மலாய் வாக்கியத்தை வீட்டில் சொல்லிப் பழக்கிவிடுங்கள். "தோலோங் சாக்காப் பெர்லாஹான்", தயவுசெய்து மெதுவாகப் பேசுங்கள். "சாயா பெலும் ஃபாஹாம்", எனக்கு இன்னும் புரியவில்லை. இந்த இரண்டைச் சொல்லத் தெரிந்தவரை யாரும் அவசரமாக அனுப்பிவிட முடியாது. சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும், நாட்டு மருந்து சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டுக் கொடுத்து அனுப்புங்கள். முக்கியமான தொல்லையை உள்ளே போனதும் முதலில் சொல்லச் சொல்லுங்கள். எழுந்து கிளம்பும்போது "அப்புறம் டாக்டரு..." என்று தொடங்குவதுதான் பல சமயம் பெரிய நோயாக இருக்கும், அப்போது அடுத்த எண்ணைக் கூப்பிட்டிருப்பார்கள்.

தமிழ் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுத்துத் தமிழைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். அது யாருக்குமே வீட்டில் கிடைக்காது, டவுன் பிள்ளைக்கும் கிடைக்காது. அதைக் கற்றுக்கொடுக்க, பாட்டி பேசுவது தப்பு என்று சொல்லத் தேவையில்லை. பாட்டி சொன்ன ஒரு வாக்கியத்தை வகுப்பில் எழுதி, அதையே கட்டுரைக்கு எப்படி எழுதுவது என்று பக்கத்தில் எழுதிக் காட்டினால், பிள்ளைக்கு இரண்டும் நிற்கும்.

இப்போது தோட்டங்களில் வேலை செய்வது பெரும்பாலும் இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும். கிளினிக்கில் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களில் அவர்களும் சேர்ந்துவிட்டார்கள், கட்டணமும் அவர்களுக்கு அதிகம். அவர்கள் தட்டுத்தடுமாறிப் பேசும் மலாயைக் கேட்டு நம் ஆட்கள் சிரிக்கும்போது எனக்குத் தாங்குவதில்லை.

யாராவது உங்கள் பேச்சுக்குச் சிரித்தால் எழுந்து போய்விடாதீர்கள். முதலில் வைத்தியத்தை முடித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் பொறுப்பு மிஸ்ஸியைப் பார்க்கவேண்டும் என்று கேட்டு, அவரிடம் நோயைச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளைகளை உட்காரவைத்துப் புகார் எழுதுங்கள். சுகாதார அமைச்சுக்கு சிஸ்பா என்ற இணையப் புகார் முறை இருக்கிறது. இணையம் பழக்கமில்லை என்றால் கையால் எழுதிக் கிளினிக்கிலேயே கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். தேதி, நேரம், மேசை எண் இருக்கட்டும். ஆள் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. நீங்கள் என்ன சொன்னபோது சிரித்தார்கள் என்பதை மட்டும் திருத்தாமல், நீங்கள் சொன்னபடியே எழுதுங்கள்.